அப்பா கால் பற்றிப் பேசிய சாயங்காலம்

ஸ்ரீவராகத்தில் எங்கள் தெருக்காரர்கள் யாரும் அப்பாவிடம் மணி கேட்க மாட்டார்கள். மணி என்ற சொல் எங்கிருந்து வந்தது என்று ஆரம்பித்துவிடுவார். சர்க்கார் ஆபீஸில் குமாஸ்தா. பகல் முழுக்க மலையாளமும் இங்கிலீஷும் எழுதிவிட்டு வருபவருக்குத் தமிழில் பேச ஒரு காது வேண்டியிருந்தது. அதற்கு அகப்பட்டவர்கள் நானும் மாமாவும்.

மாமா அம்மாவின் தம்பி. கல்யாணமாகவில்லை, எங்களோடுதான் இருந்தார். ஊதுவத்திக் கம்பெனி ஒன்றுக்கு ஏஜெண்ட். பஸ் போகாத எஸ்டேட் கடைகளுக்கெல்லாம் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நடந்தே போவார். வித்துரா சந்தையில் ஒரு துருப்பிடித்த ஆணி செருப்பைத் துளைத்து ஏறியது. உடம்பில் சர்க்கரை இருப்பது அவருக்கே தெரியாது. மஞ்சளை வைத்துக் கட்டிக்கொண்டு பிழைப்பைப் பார்த்தார். ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது பாதம் கறுத்துப்போயிருந்தது.

முழங்காலுக்குக் கீழே எடுத்தாக வேண்டும், நாளைக் காலையிலேயே, இல்லாவிட்டால் ஆள் தங்கமாட்டார் என்று டாக்டர் சொல்லிவிட்டார். இது எனக்குப் பின்னால் தெரிந்தது. அன்று என் காதில் விழுந்தது, அம்மா வாசற்படியில் அப்பாவிடம் சொன்னது மட்டுந்தான்.

"நீங்கதான் அவன்கிட்டப் பக்குவமாச் சொல்லணும். நான் வாயைத் திறந்தா அழுதுடுவேன்."

கஞ்சிப் பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு நானும் கூடப் போனேன். வார்டில் அப்பா ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். மாமாவின் காலைப் போர்வை மூடியிருந்தது. அப்பா தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

"இந்தக் கால்ங்கிற வார்த்தை இருக்கே..."

"ஆரம்பிச்சுட்டேளா அத்திம்பேர்?" என்று மாமா சிரித்தார்.

பழைய தமிழில் கால் என்றால் காற்று என்றார் அப்பா. ஓயாமல் ஓடுவதால் அந்தப் பெயராம். தண்ணீர் ஓடுவது வாய்க்கால். மனுஷனுக்கும் ஓட்டம் அதில்தான் என்பதால் அதுவும் கால். மாட்டுக்கு நாலில் ஒன்று என்பதால் கணக்கிலும் நாலில் ஒரு பங்கு கால், அதிலிருந்து அரைக்காலும் முக்காலும் வந்தன. தாங்கி நிற்பதால் பந்தலுக்கும் கட்டிலுக்கும் கால். இதில் எது முதலில் பிறந்தது என்று அவரே கேட்டு, அவரே மறுத்து, மறுபடி காற்றுக்கே திரும்பினார். அவருக்கு அப்படி வியர்த்து நான் பார்த்ததே இல்லை. பக்கத்துக் கட்டில்காரர்கூடத் தலையைத் திருப்பிக் கேட்டார். எனக்குப் பெருமை பிடிபடவில்லை.

பார்வை நேரம் முடிந்ததென்று நர்ஸ் வந்து நின்றாள். அப்பா சட்டென்று எழுந்தார்.

"டாக்டர் என்ன சொன்னார்? எப்ப நடக்கலாமாம்?" என்று மாமா கேட்டார்.

அப்பா என்னைப் பார்த்தார், ஜன்னலைப் பார்த்தார். "பங்குனி ஆறாட்டுக்கு ஸ்வாமி பின்னாலேயே சங்குமுகம் கடற்கரை வரைக்கும் நாம நடந்து போறோம், பாரு."

மாமாவின் முகம் மலர்ந்துபோயிற்று.

வீடு வந்ததும் அப்பா நேரே கிணற்றடிக்குப் போய்விட்டார். அம்மா என் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

"அப்பா சொன்னாராடி?"

"எல்லாம் சொல்லிட்டார்மா. ஒண்ணு விடாம."

"மாமா என்ன பண்ணினான்?"

"சிரிச்சார்."

அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். என் தம்பிக்கு எவ்வளவு தைரியம் என்று சுவாமி படத்தைப் பார்த்துச் சொன்னாள். கிணற்றடியில் தண்ணீர் இறைக்கும் சத்தம் நின்றிருந்தது. ஆனால் அப்பா உள்ளே வரவில்லை.

மறுநாள் விடிந்ததும் அம்மா காப்பி பிளாஸ்க்கோடு ஆஸ்பத்திரிக்கு ஓடினாள். மாமாவின் தலையைக் கோதி, கட்டைக் கால் வைத்துக்கொண்டு எத்தனை பேர் நன்றாக நடக்கிறார்கள் என்று ஆறுதல் சொன்னாளாம்.

"எனக்கு எதுக்குக்கா கட்டைக் கால்? அத்திம்பேர் ஆறாட்டுக்கு நடந்து போலாம்னாரே," என்றாராம் மாமா. அதற்குள் அவரைக் கொண்டுபோக வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்துவிட்டார்கள்.

மாமா உயிர் பிழைத்தார். ஆனால் எங்கள் வீட்டுக்கு வரவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்தே தென்காசிக்கு, பெரியம்மா வீட்டுக்குப் போய்விட்டார்.

அம்மா சண்டை போடவில்லை. வழக்கம்போலச் சமைத்தாள், அப்பாவின் சட்டையைத் துவைத்து மடித்து வைத்தாள். பேச்சு மட்டும் என் வழியாக நடந்தது. அப்பாவைச் சாப்பிட வரச் சொல்லு என்பாள். எனக்குப் பசியில்லை என்று அம்மாகிட்டச் சொல்லு என்பார் அப்பா. ஐந்தடி தூரத்தில் இருக்கும் இருவருக்கும் நடுவில் நான் ஓடிக்கொண்டே இருந்தேன். நானில்லாமல் எங்கள் வீட்டில் ஒரு காரியமும் நடக்காது என்று பள்ளிக்கூடத்தில் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.