முதல் பெட்டிச் சன்னல்

மார்வாவைப் பற்றி நாலு நல்ல வார்த்தை சொல்லத்தான் உட்கார்ந்தேன். அவளை நினைத்தாலே வயிறு எரிகிறது. இருந்தாலும் சொல்கிறேன்.

குவீன்ஸிலிருந்து மன்ஹாட்டன் போகும் ஜே ரயிலின் பழைய பெட்டிகளில் ஓட்டுநர் அறை வலது ஓரத்தில் அலமாரி அளவுதான் இருக்கும். முன்பக்க நடுக்கதவின் கண்ணாடிச் சன்னல் பயணிகளுக்கு. அதில் மூக்கை ஒட்டி நின்றால் தண்டவாளம், சிக்னல், ஆற்றைக் கடக்கும் வில்லியம்ஸ்பர்க் பாலம் எல்லாம் நம்மை நோக்கி ஓடி வரும். எங்களைப் போன்ற ரயில் பைத்தியங்களுக்குள் ஒரு சட்டம் உண்டு. முதலில் போய் நின்றவர் இறங்கும்வரை சன்னல் அவருடையது, பின்னால் நிற்பவர் கேட்கவே கூடாது. ஆஸ்பத்திரி சலவைக்கூடத்து வேலைக்குப் போன பதினாறு வருஷமும் அது என்னுடையதாகத்தான் இருந்தது.

ஒரு திங்கட்கிழமை அங்கே ஒருத்தி நின்றாள். மார்வா. டிரினிடாட்காரி, மருந்துக்கடையில் பில் போடுபவள்.

"கொஞ்சம் தள்ளும்மா" என்று நானே சட்டத்தை மீறினேன்.

"ஏன் சார், உங்க பேரா எழுதியிருக்கு? இறங்குறப்ப சொல்றேன்."

மறுநாள் பத்து நிமிஷம் முன்னால் போனேன். அவள் கால் மணி முன்னால் வந்திருந்தாள். அவள் முதுகுக்குப் பின்னால் நின்று, எட்டிப் பார்த்து, "பச்சை", "மஞ்சள்" என்று அவளை முந்திக்கொண்டு சிக்னலைக் கத்துவேன். அற்பத்தனம்தான். அப்போது அது பெரிய வெற்றியாகத் தெரிந்தது.

பிறகு புது ரயில்கள் வந்தன. முன்பக்கம் முழுவதும் ஓட்டுநர் அறை. இரண்டு பேரும் மூடிய கதவைப் பார்த்து நின்றோம்.

"இனிமே ஓட்டுறவங்களுக்கு மட்டும்தான் காட்சி" என்றேன்.

"அப்ப ஓட்டிட வேண்டியதுதான், மிஸ்டர் லெஸ்டர்!"

இரண்டு பேரும் ஓட்டுநர் வேலைக்கான பரீட்சை எழுதினோம். அவளைவிட எனக்கு ஒன்பது மார்க் அதிகம். அன்று நன்றாகத் தூங்கினேன். அடுத்தது கண் பரிசோதனை. டாக்டர் புள்ளிப் புள்ளியாக ஒரு படத்தைக் காட்டி என்ன எண் தெரிகிறது என்றார்.

"நம்பரா? வெறும் புள்ளிதானே இருக்கு."

"உங்களுக்குச் சிவப்பும் பச்சையும் பிரிஞ்சு தெரியலைங்க."

"என்னய்யா உளர்றீங்க? பதினாறு வருஷமா சிக்னல் பாக்கறவன் நான். ரயில் சிக்னல்ல மேல எரிஞ்சா பச்சை, கீழ எரிஞ்சா சிவப்பு!"

அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்துவிட்டு எதையோ எழுதினார். எனக்கு அப்போதுதான் உறைத்தது. நான் நிறத்தைப் பார்த்ததே இல்லை, இடத்தைத்தான் பார்த்திருக்கிறேன்.

மார்வா தேறினாள். ஜே ரயிலையே ஓட்டினாள். நடைமேடையில் என்னைக் கண்டால் கையசைப்பாள். நான் போனைப் பார்ப்பேன். அவள் நாசமாகப் போகவேண்டும் என்று நினைக்கவில்லை. ஒரு நாள் சளி பிடித்து அவள் லீவு போடட்டும் என்று மட்டும் வேண்டியிருக்கிறேன்.

மூன்று வருஷம் கழித்து, பழைய பெட்டிகளுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை வழியனுப்பு ஓட்டம் என்று அறிவித்தார்கள். ஓட்டுவது மார்வா. நான் முதல் ஆளாகப் போய்ச் சன்னலைப் பிடித்தேன். பின்னால் எழுபது பேர். சட்டம் சட்டம்தான், ஒருவரும் கேட்கவில்லை. கடைசி நிலையம்வரை சன்னல் எனக்கே.

ரயில் நின்றதும் அவள் அறைக்கதவைத் திறந்துகொண்டு வந்தாள்.

"குடுத்து வச்சவர் நீங்க. எனக்கு சிக்னலையும் வேகத்தையும் தவிர வேற எதையும் பாக்க நேரமில்லை. பாலத்து மேல தினம் போறேன், மூணு வருஷமா அந்த ஆத்தைப் பாக்கலை. உங்க மேல எனக்கு அவ்வளவு பொறாமை, தெரியுமா? சொல்லுங்களேன், இன்னிக்கு ஆறு எப்படி இருந்துச்சு? படகு போச்சா?"

புளுகத்தான் வாயைத் திறந்தேன். வரவில்லை.

"ஆத்தைப் பாக்கலை மார்வா. பாலம் முழுக்க உன் கதவைத்தான் பாத்துக்கிட்டு வந்தேன்."