ஓர் அங்குலம் மூன்று நூல்

கடையில் கிடைக்காத உதிரிப்பாகத்தைக் கணினியில் வரைந்து, முப்பரிமாண அச்சுப்பொறியில் பிளாஸ்டிக்கில் செய்து கொடுப்பது என் தொழில். இதில் வேலை வருவதற்கு முன்பே புத்திமதி வந்துவிடும். இதே மென்பொருள்களோடு மாரடிக்கும் சக பாவிகளே, உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

கோப்பைப் படலம்

எந்த மென்பொருளைப் பழகுவது என்று நாலு பேரைக் கேட்டேன். நாலு பேரும் நாலு பெயர் சொன்னார்கள்; அவரவர் வைத்திருப்பதைத் தவிர மற்றதெல்லாம் குப்பையாம். கடைசியில் யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் ஒரு வகுப்பில் சேர்ந்தேன். படிப்பிக்கிறவர் முதல் மாதம் முழுக்கத் தேநீர்க் கோப்பை வரைய வைத்தார். இரண்டாம் மாதம் அதற்குக் கைப்பிடி. பொறுமை இழந்து, "சேர், ஒரு பல்லுச்சில்லு கீறக் காட்டித் தருவீங்களோ?" என்று கேட்டேன். அந்த மனுசனுக்குப் பற்சக்கரம் வரையத் தெரியாது என்பது முகத்திலேயே எழுதியிருந்தது. வாய் மட்டும் குறையவில்லை: "அவசரப்படாதையும் தம்பி, முதல் கைப்பிடியை ஒழுங்காக் கீறும்."

கனடா அன்பளிப்பு

வகுப்பை விட்டுவிட்டு இலவச மென்பொருள் ஒன்றை இறக்கி நானே பழகினேன். கனடாவில் பேக்கரியில் வேலை செய்யும் மச்சானுக்கு அது பொறுக்கவில்லை. பெரிய கம்பனிகள் பாவிக்கிறது என்று ஒரு திருட்டுப் பிரதியை அனுப்பிவைத்தான். போட்டதும் கணினி முழுக்க வைரஸ். வரைந்து வைத்த படமெல்லாம் போயிற்று. நான் தொலைபேசியில் கத்த, அவன் கொஞ்சமும் அசையவில்லை: "உதுக்குத்தான் சொன்னனான், நல்ல கொம்பியூட்டர் ஒண்டு வாங்கு எண்டு."

அளவு எதற்கு?

மானிப்பாய் ரீச்சர் ஒருவர், மின்விசிறி வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் திருகி உடைந்துபோக, அதன் படத்தைக் கைபேசியில் அனுப்பி, அதைப்போல ஒன்று கேட்டார். அளவு கேட்டேன். பள்ளிக்கூடத்தில் கணக்குப் படிப்பிக்கிறவர் அவர். "படத்திலை வடிவாத் தெரியுதே, பிறகென்ன அளவு?"

என் முறை

எல்லாரையும் இளக்காரம் செய்தாயிற்று. பொன்னையா அண்ணை வெங்காயம் பயிர்செய்கிறவர். அவருடைய பழைய தண்ணீர் இறைக்கிற மெசினில், குழாயைப் பொருத்தும் வளையம் வெடித்துவிட்டது. அந்த மாதிரிச் சாமான் இப்போது எந்தக் கடையிலும் இல்லை. இறைத்து நாலு நாளாகிவிட்டது, நெருப்பு வெயில். "நாளைக்குக் காலமை தண்ணி பாயாட்டி வெங்காயம் கருகிப்போடும் தம்பி" என்றவர், உள்விட்டம் "ஒண்டு, மூண்டு நூல்" என்று சொல்லிவிட்டுப் போனார். நான் மென்பொருளில் அங்குலத்தைத் தெரிவுசெய்து 1.3 என்று அடித்தேன்.

ஒரு நூல் என்றால் அங்குலத்தில் எட்டில் ஒன்று. தச்சுவேலை செய்கிறவர், குழாய் போடுகிறவர் எல்லாருக்கும் இது தெரியும். பத்தில் ஒன்று என்று நினைத்தவன் நான் ஒருவன்தான். மறுநாள் காலை தோட்டத்தில், வளையம் மெசினின் வாயில் ஏறவே இல்லை. இரண்டு மில்லிமீற்றர் அளவில் குறைவு. வெட்கம் கெட்டுப்போய், "மென்பொருளிலை நூல் கணக்கு இல்லை அண்ணை" என்று சமாளித்தேன். அவர் வாடிய பாத்திகளைப் பார்த்தபடியே சொன்னார்: "அது வெளிநாட்டுச் சாமான், அதுக்குத் தெரியாது. நீ இஞ்சை பிறந்தனி எல்லோ?"

திருத்திச் செய்து பூட்டித் தண்ணீர் பாய்ந்தபோது பின்னேரமாகிவிட்டது; மேட்டுப் பக்கத்தில் இரண்டு பாத்தி தப்பவில்லை.

மென்பொருள் பழக எனக்கு எட்டு மாதம் போனது. எட்டில் ஒன்று பழக அவருடைய இரண்டு பாத்தி வெங்காயம் போனது.