கூலாய் ஸ்டேஷனில் நாற்பது பேர்

சென்னையில் பதினோரு படங்கள் எடுத்த இயக்குநர் சபாபதி, கோத்தா திங்கி ரப்பர்த் தோட்டத்தில் பிறந்தவர். நடிக்கத் தெரியாதவர்களைக் கூட்டமாக நடிக்கவைப்பதைப் பின்னால் வந்தவர்கள் அவரிடம்தான் கற்றார்கள். அவர் இயக்கிய முதல் கூட்டம், 1943இல் கூலாய் ரயில் நிலையத்தில் நின்ற நாற்பது பால்வெட்டுத் தொழிலாளர்கள்.

அப்போது அவர் டூரிங் சினிமாவில் படம் ஓட்டிக்கொண்டிருந்தார். கேமராவும் தெரியும் என்று யாரோ சொல்லிவைக்க, ஜப்பான் அதிகாரி பிடித்துக்கொண்டார். போனவர்கள் திரும்பாத சயாம் ரயில்பாதை வேலைக்கு ஆட்கள் சிரித்துக்கொண்டே போவதாகப் படம் வேண்டும். மறுத்தால் சபாபதியே சயாமுக்குப் போகவேண்டியதுதான்.

"ஏறுவீங்க, கையாட்டுவீங்க, எறங்கிடுவீங்க. மத்தியானச் சோத்துக்கு வீட்ல இருப்பீங்க" என்று வீடு வீடாகச் சொல்லித்தான் ஆள் சேர்த்தார். நம்பித்தான் சொன்னார்.

பிலிம் ஒரே சுருள். அதனால் கேமராவை ஓட்டாமல் முதலில் ஒத்திகை. இரண்டாவது ஒத்திகையின்போது, கடைசிப் பெட்டியில் அரிசி மூட்டைகளையும் அண்டாக்களையும் ஏற்றுவதைப் பார்த்தார். கையாட்டிவிட்டு இறங்குகிறவர்களுக்கு அண்டா எதற்கு?

உரக்கச் சொன்னால் ஓடுவார்கள். சுற்றிலும் துப்பாக்கி. பதினோரு மணிக்குள் கிளம்பாவிட்டால் இன்று பாதை கிடைக்காது என்று ஸ்டேஷன் மாஸ்டர் அதிகாரியிடம் சொல்லியிருந்தார். அதுவரை இழுத்துவிட்டால் இவர்கள் வீடு திரும்புவார்கள். தோட்டத்தை விட்டே ஓடிவிடச் சொல்லலாம். இன்னும் அரைமணி நேரம்.

"எறங்குங்க. சிரிப்பு பத்தல."

இறங்கி, மறுபடி ஏறினார்கள்.

"எறங்குங்க. வேலு, நீ கேமராவையே பாக்கறே."

"அது என்னா என் மாமனாரா, பாக்காம தலையக் குனிஞ்சுக்க?" என்றான் வேலு. பெட்டியே சிரித்தது. ஆனால் யாரும் இறங்கவில்லை.

"எறங்குங்கன்னு சொன்னேன்."

"போங்கண்ணே. ஏறி எறங்கி முட்டி கழண்டுபோச்சு. காலைலேருந்து பச்சத் தண்ணி இல்ல. நாங்க இங்கயே குந்திக்கிறோம், நீங்க அங்கேருந்தே புடிங்க லா."

"வேலு, சொன்னாக் கேளு. ஒரே ஒரு தடவ."

"இதத்தான் போன தடவையும் சொன்னீங்க."

அதிகாரி கடிகாரத்தைப் பார்த்தார். ஒரு சிப்பாய் பெட்டியின் வாசலில் குறுக்குக் கம்பியைப் போட்டான். அதிகாரி கேமராவைத் தட்டி, "செப்பாட்" என்றார். சீக்கிரம்.

வண்டி அசைந்தது.

"அண்ணே, வண்டி நவுருதே" என்றான் வேலு, கம்பிக்கு மேல் தலையை நீட்டி. "இதுவும் படத்துல உண்டா?"

சபாபதியின் முதுகில் துப்பாக்கி முனை பட்டது.

"உண்டு" என்றார்.

கேமராவின் கைப்பிடியைச் சுற்றத் தொடங்கினார். நாற்பது பேரும் சிரித்தபடி கையாட்டினார்கள்.