ஆடி போகட்டும் என்று சொன்னவள்

இந்த நாட்டில் ஒவ்வொரு காரின் பின்பக்க நம்பர் பலகையிலும் பெரிய குங்குமப் பொட்டு அளவில் ஒரு வட்ட வில்லை ஒட்டியிருக்கும். கடிகார முகம்போல அதில் ஒன்று முதல் பன்னிரண்டு வரை எண்கள். உச்சியில் எந்த எண் நிற்கிறதோ அந்த மாதத்துக்குள் வண்டியை அரசாங்கப் பரிசோதனைக்குக் கொண்டுபோக வேண்டும். ஜெர்மனிக்கு வந்த புதிதில் பேருந்துக்கு நிற்கும்போதெல்லாம் அவற்றைப் படித்துக்கொண்டிருப்பேன். ஏழு என்றால் பாதி ஆனி, பாதி ஆடி. எட்டு என்றால் பாதி ஆடி, பாதி ஆவணி என்று மனம் தானாகப் பிரித்துக்கொள்ளும். சிறுவயதிலிருந்தே தேதிப் பைத்தியம் எனக்கு. எங்கள் ஊர்க் கோயில் மதிலின் கல்வெட்டுகளில்கூட மன்னனின் பெயரை விட்டுவிட்டு ஆட்சியாண்டைத்தான் முதலில் தேடுவேன்.

நான் வேலை பார்க்கும் ஆய்வகம் பேருந்து போகாத ஊருக்கு மாறியதால், சென்ற சனிக்கிழமை ஒரு பழைய கார் வாங்கப் போனேன். விற்பவர் ஹெர் வெபர், எண்பதை நெருங்கும் மனிதர். சமையலறை மேசையில் காபியும், பக்கத்தில் ஒரு கோப்பும் வைத்திருந்தார். கோப்பின் மேலே ஷெக்ஹெஃப்ட் என்று இங்கே சொல்லும் சர்வீஸ் புத்தகம். ஒவ்வொரு இலையுதிர்காலத்துக்கும் ஒரு முத்திரை, தேதி, ஓடிய கிலோமீட்டர். நடுவில் ஓர் ஆண்டு மட்டும் வெற்றுக் கட்டம்.

“இந்த ஆண்டு ஏன் இல்லை?” என்று கேட்டேன். அவர் ஏதோ சொன்னார்; எனக்குப் போதவில்லை. ரசீது உண்டா என்று மறுபடி கேட்டேன். அவர் விரலால் கிலோமீட்டர் எண்களைத் தொட்டுக் காட்டினார். அந்த ஆண்டு முழுவதும் வண்டி சில நூறு கிலோமீட்டர்தான் ஓடியிருந்தது. “மருத்துவமனை, வீடு. மருத்துவமனை, வீடு” என்றார் மெதுவாக, குழந்தைக்குச் சொல்வதுபோல. சுவரில் அவருடைய மனைவியின் படம் இருந்தது. நான் காபியைப் பார்த்துக் குனிந்துகொண்டேன்.

இதே வேலையை இரண்டு ஆண்டுக்கு முன் என் தம்பி எழிலுக்காகச் செய்தேன். அவன் செங்கம் சாலையில், ஆசிரமம் பக்கம் தங்கும் விருந்தினர்களுக்கு வண்டி ஓட்டிக்கொண்டிருந்தான். எட்டு ஆண்டாக ஓட்டியும் எல்லாம் அடுத்தவர் வண்டி. சொந்தமாக ஒன்று வேண்டும் என்பது அவனுடைய ஒரே ஆசை. ஒரு வாக்கியத்துக்கு இரண்டு அக்கா போட்டுப் பேசுவான். “அக்கா, பழைய வண்டி விக்கிற கன்சல்டிங்காரரு காட்டுற வண்டியெல்லாம் டாக்டர் ஓட்டுன வண்டியாம்க்கா. ஞாயித்துக்கெழம மட்டும் வெளிய எடுப்பாராம். நம்ம ஊர்ல இத்தினி டாக்டர் இருந்தா அம்மா முட்டிவலிக்கு ஏங்க்கா டோக்கன் போட்டு ஒக்காந்துனு இருக்காங்க?”

சேசிஸ் எண்ணை வைத்து சர்வீஸ் வரலாற்றை எடுத்து அனுப்பச் சொல்வேன். ஒரு வண்டியில் நாற்பதாயிரம் ஓடியதாக மீட்டர் சொன்னது. அதற்கு முந்தைய ஆண்டின் சர்வீஸ் தாளில் எழுபத்திரண்டாயிரம் இருந்தது. “மீட்டர சுத்தி வுட்டிருக்கான்க்கா, நீ அங்கயிருந்தே புட்ச்சிட்ட!” என்று சிரித்தான். கடைசியில் வேலூர் டிராவல்ஸ் ஒன்று விற்ற மஞ்சள் போர்டு வண்டி அமைந்தது. எல்லாச் சர்வீஸும் நேரத்துக்கு நடந்திருந்தன. பதினான்கு மாத உத்தரவாதம் மீதமிருந்தது. கடைசிப் பக்கத்தில் சிறிய எழுத்தில் ஒரு நிபந்தனை: விற்பனைக் கடிதத்தின் தேதியிலிருந்து முப்பது நாளுக்குள் புதிய உரிமையாளர் பெயருக்கு மாற்றினால்தான் உத்தரவாதம் செல்லும். நான் அதைப் படித்தேன். அவனுக்கும் சொன்னேன்.

கடிதத்தில் கையெழுத்தானபோது ஆனி முடியப் பத்து நாள் இருந்தது. வண்டி அடி அண்ணாமலை வீட்டு வாசலுக்கு வந்துவிட்டது. ஆர்.டி.ஓ. ஆபீசில் தேதி தள்ளிப்போய் ஆடிக்குள் விழுந்ததும் அம்மா குறுக்கே நின்றாள். “வண்டி வந்துச்சில்ல, நிக்கட்டும். ஆடியில அவன் பேர்ல ஒரு கையெழுத்தும் வேணாம். அப்பா நம்மள வுட்டுப் போன மாசம்.”

எழில் என்னைத்தான் கூப்பிட்டான். “நீ சொல்லுக்கா. நீ சொன்னா அம்மா கேப்பாங்க.”

அப்பா இறந்த ஆடியில் எனக்கு விமானச் சீட்டு கிடைத்தது மூன்றாம் நாள்தான். நான் வந்து சேர்ந்தபோது பால் ஊற்றி முடித்திருந்தார்கள். அந்த மாதத்தைப் பற்றி அம்மாவிடம் வாதாட எனக்கு வாய் வரவில்லை. பத்து நாளும் ஆடி முப்பத்தொன்றும் சேர்ந்தால் நாற்பத்தொன்று என்பது எனக்குத் தெரியாததா? நாலு நாள் முன்னே பின்னே ஆனாலும் ஒத்துக்கொள்வார்கள் என்று என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டேன். “ஆடி போகட்டும்டா. ஆவணி பொறந்ததும் போயிடு” என்றேன். தேதிகளை வைத்தே வாழ்ந்தவள், அறிந்தே ஒரு தேதியைத் தவறவிட்டேன்.

அந்த ஆடி முழுவதும் வண்டி துணி போர்த்தி நின்றது. எழில் தினமும் காலையில் அதைக் கிளப்பி, அரை நிமிடச் சத்தத்தைப் பதிந்து எனக்கு அனுப்புவான். “கேட்டியாக்கா? பூனை மாதிரி இருக்குதுக்கா.”

ஆவணி முதல் நாள் பெயர் மாற்றக் கொடுத்தான். கார்த்திகை தீபத்துக்கு ஊரே நிரம்பியிருந்த வாரத்தில், சவாரியோடு போனபோது செங்கம் சாலையில் கியர்பாக்ஸ் இறுகி வண்டி நின்றது. கிரிவலம் வந்தவர்கள்தான் ஓரமாகத் தள்ளிவிட்டார்களாம். சர்வீஸ் சென்டரில் இருந்தவர் மரியாதையாகவே சொல்லியிருக்கிறார்: “வாரன்டியில வர்ற வேலைதாங்க. ஆனா உங்க பேர் மாத்துற லெட்டர் பதினோரு நாள் லேட்டா வந்திருக்குதுங்க.” கியர்பாக்ஸ் மாற்ற வழியில்லாமல், கிடைத்த விலைக்கு வண்டியைத் தள்ளிவிட்டான். இப்போது ஒரகடத்தில் கம்பெனி ஆட்களை ஏற்றி இறக்கும் வண்டி ஓட்டுகிறான். மறுபடியும் அடுத்தவர் வண்டி. என்னைத் திட்டவில்லை. “உன்மேல ஒண்ணுமில்லக்கா” என்று ஒருமுறை சொன்னான். அதன்பின் அழைப்பதில்லை. நான் அழைத்தால் எடுப்பதுமில்லை. “அவன் நல்லாதாம்மா இருக்கான், வேல ஜாஸ்தி” என்று அம்மா அவனுக்காகப் பேசுகிறாள்.

ஹெர் வெபரின் காருக்கும் ஒன்பது மாத உத்தரவாதம் மீதமிருந்தது. பெயர் மாற்றும் கடிதத்தை இன்றே எழுதி இன்றே அனுப்ப வேண்டும் என்றேன். திங்கட்கிழமை போதுமே என்றார். “இல்லை, இன்றே” என்றேன். இரண்டாம் முறையும் அதையே சொன்னபோது அவர் முகம் சுருங்கியது. “நீங்கள் என்னை நம்பவில்லை” என்றார். நம்பாதது உங்களை அல்ல, என்னை, என்று சொல்ல வேண்டும். அதற்கான ஜெர்மன் எனக்குத் தெரியும். அதற்கடுத்து வரவேண்டிய ஆடி, அப்பா, தம்பி எதற்கும் தெரியாது. அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு எழுதினார். கணினியில் அனுப்பியும் காட்டினார்.

வெளியே வந்து காரைக் கிளப்பி, அரை நிமிடச் சத்தத்தைப் பதிந்து எழிலுக்கு அனுப்பினேன். ஊரில் மாலை நேரம். பிறகு கைப்பையிலிருந்த எலுமிச்சையை எடுத்தேன். நான்கு சக்கரத்துக்கு நான்கு வேண்டும். வீட்டில் இருந்தது ஒன்று, இந்த ஊரின் தடித்த தோல் எலுமிச்சை. முன்சக்கரத்தின் கீழே வைத்துவிட்டு ஏறி உட்கார்ந்தேன். வாசலில் நின்றிருந்த ஹெர் வெபர் கையை உயர்த்தி நிறுத்தச் சொன்னார். முழங்காலைப் பிடித்துக்கொண்டு கஷ்டப்பட்டுக் குனிந்தார். பழத்தை எடுத்துத் தன் ஸ்வெட்டரில் துடைத்து, சன்னல் வழியாக என்னிடம் நீட்டினார். “கீழே விழுந்துவிட்டது உங்களுடையது” என்றார். சமையலறையில் நடந்ததை மறந்துவிட்ட சிரிப்பு. டாங்கெ என்று நன்றி சொல்லி வாங்கிக்கொண்டேன்.

அப்போது கைப்பேசி அதிர்ந்தது. எழில்தான்.

“சத்தம் நல்லாருக்கு. எடுத்துக்கோ.”

மூன்று முறை படித்தேன். கேட்டிருக்கிறான், முழுவதும் கேட்டிருக்கிறான். ஆனால் அந்த இரண்டு வரியில் ஓர் அக்காகூட இல்லை.

எலுமிச்சையைப் பக்கத்து இருக்கையில் வைத்துக்கொண்டு வண்டியை எடுத்தேன். நசுங்காத அந்தப் பழம், வீடு வரும்வரை ஒவ்வொரு திருப்பத்திலும் ஒருமுறை என் பக்கமும் ஒருமுறை கதவுப் பக்கமுமாக உருண்டுகொண்டே வந்தது.