மிஷின் வந்த வியாழக்கிழமை

கோவிந்தராசு சட்டென்று முடிவுக்கு வருகிற ஆள் இல்லை. விதைநெல் எடுப்பதற்குள் மூன்று கடை ஏறி இறங்குவார், வாங்கிய பிறகும் நாலு பேரிடம் காட்டி, "சரிதானே?" என்று கேட்பார். மயிலாடுதுறைக்குக் கிழக்கே, ஆற்றுத் தண்ணீர் கடைசியாக வந்து சேரும் ஊரில் அவருக்கு ஒன்பது மா நிலம், ஏக்கர் கணக்கில் மூன்று. ஐம்பத்தைந்து வயதுக்குள் ஒரே ஒரு முடிவைத்தான் அவர் யாரையும் கலந்துகொள்ளாமல் எடுத்தார். அதற்கு அரை நிமிடம்கூட ஆகவில்லை.

தை மாதக் கடைசி. சம்பா முற்றிச் சாயத் தொடங்கியிருந்தது. சனிக்கிழமை மழை என்று டிவியில் சொல்லிவிட்டார்கள். ஈர வயலில் இறங்கக்கூடிய செயின் அறுப்பு மிஷின் அந்தப் பக்கத்துக்கே இரண்டுதான் வந்திருந்தது. முறை போட்டு அனுப்புகிறவர் புரோக்கர் சைபுல்லா. முறை வரும்போது வயல்காரர் வரப்பில் நிற்க வேண்டும். ஆள் இல்லையென்றால் மிஷின் அடுத்த வயலில் இறங்கிவிடும்; திரும்பி வர ஒரு வாரம் ஆகும். கோவிந்தராசு நாலு நாளாகக் காத்திருந்தார்.

வியாழக்கிழமை காலை அவர் மனைவி பூவம்மாள் இடது தோளைப் பிடித்துக்கொண்டு அடுப்படியில் உட்கார்ந்துவிட்டாள். நெற்றியெல்லாம் வேர்வை.

அவருக்குப் பகீரென்றது. ஆனால் போன ஆவணியிலும் இப்படித்தான் ஆனது. பதறியடித்துக் கார் பிடித்து மயிலாடுதுறைக்குக் கொண்டுபோனார். படமெல்லாம் எடுத்துப் பார்த்துவிட்டு, வாயு என்று மாத்திரை கொடுத்து அனுப்பினார்கள். "எங்க அக்காவுக்கு ஏப்பம் வந்தாப் போதும், மச்சான் கார் சொல்லிடுவாரு" என்று மைத்துனர்கள் கிளப்பிவிட்டதை டீக்கடை வரைக்கும் சொல்லிச் சிரித்தார்கள்.

போன் அடித்தது. சைபுல்லா.

"அண்ணே, எங்க இருக்கீங்க? மிஷின் ஒங்க வாய்க்கால் தலைப்புல நிக்குது. டிரைவர் பறக்குறான். வரீங்களா, தமிழரசன் வயல்ல எறக்கிடட்டுமா?"

கோவிந்தராசு போனைக் கையில் பிடித்தபடி மனைவியைப் பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை. பார்த்தார், அவ்வளவுதான்.

"எனக்கு ஒண்ணுமில்லீங்க. வாயுதான். சுக்குத்தண்ணி வச்சுக் குடிச்சுக்கிறேன். நீங்க போங்க" என்றாள் பூவம்மாள்.

"இதோ வந்துட்டேன் தம்பி" என்றார் போனில்.

இரண்டு மணி நேரத்தில் அறுப்பு முடிந்தது. அவர் வீட்டுக்கு வந்தபோது பூவம்மாள் அடுப்பு மேடைக்குக் கீழே ஒருக்களித்துக் கிடந்தாள். பாத்திரத்தில் சுக்குத்தண்ணி சுண்டிக் கரிந்திருந்தது. ஆஸ்பத்திரியில், வரும் வழியிலேயே முடிந்திருக்க வேண்டும் என்றார்கள்.

சனிக்கிழமை மழை வரவில்லை. அதற்கடுத்த வாரமும் வரவில்லை.

ஒரே மகள் வானதி, திருவாரூரில் ஹாஸ்டலில் தங்கி உளவியல் படிக்கிறாள். பதினாறு நாளும் அவரைத் தேற்றியவள் அவள்தான்.

"ஒரு முடிவு சரியா தப்பான்னு அது எப்படி முடிஞ்சுதுங்கிறத வச்சுச் சொல்லக் கூடாதுப்பா. அந்த நேரத்துல ஒங்களுக்கு என்ன தெரியும்? போன தடவை வாயு. அம்மாவும் வாயுன்னுச்சு. இப்ப நடந்தது தெரிஞ்சதால, அப்பவே தெரிஞ்சிருந்த மாதிரி மனசு ஜோடிக்குது. எல்லாருக்கும் அப்படித்தான்."

புண்ணில் மருந்து தடவியது போலிருந்தது. இரண்டு நாள் சோறு இறங்கியது. மூன்றாம் நாள் காலை, பல் விளக்கிக்கொண்டிருக்கும்போது அந்த அரை நிமிடம் முழுதாக ஞாபகம் வந்தது. வானதி சொன்னதில் அடங்காத ஒன்று அதில் இருந்தது. அதை மறைத்துக்கொண்டு அவள் கொடுத்த மன்னிப்பைத் தின்ன அவரால் முடியவில்லை.

கருமாதி முடிந்த மறுநாள் அவளைப் பஸ் ஏற்றிவிடப் போனார். இன்றைக்குச் சொல்லாவிட்டால் என்றைக்கும் சொல்ல மாட்டோம் என்று தெரிந்தது.

"வானதி, அம்மா போங்கன்னு சொன்னிச்சுல்ல. அப்ப எனக்கு நிம்மதியா இருந்துச்சும்மா."

"வாயுன்னு தெரிஞ்சதும் நிம்மதிதானேப்பா?"

"அதுக்கில்ல. வாயு இல்லேன்னு என் மனசுக்குப் பட்டுச்சு. போன தடவை இப்படி வேர்க்கல. மிஷின் கை நழுவாதுன்னுதான் நிம்மதி. அப்புறம்தான் வாயுன்னு நானே நம்பிக்கிட்டேன்."

வானதி வாயைத் திறந்தாள். இதற்கும் அவள் படிப்பில் ஒரு பேர் இருந்திருக்கும். சொல்லவில்லை.

"அம்மா ஒங்க மூஞ்சியைப் பாத்திருக்கும்ப்பா" என்றாள். "அதான் போங்கன்னு சொல்லியிருக்கு."

தான் எடுத்த முடிவு என்றுதான் இத்தனை நாளாய் கோவிந்தராசு மாய்ந்துகொண்டிருந்தார். நெஞ்சு வலியோடு உட்கார்ந்திருந்தவள், புருஷனுக்கு என்ன வேண்டும் என்று பார்த்து, அதை எடுத்துக் கையில் கொடுத்திருக்கிறாள். அவர் வாங்கிக்கொண்டு போயிருக்கிறார்.

பஸ் வந்தது. வானதி பையை எடுத்துக்கொண்டு ஏறினாள். "ஒங்க பிரஷர் மாத்திரையை ஒழுங்காப் போடுங்க" என்றாள். போன் பண்ணுகிறேன் என்று சொல்லவில்லை. அவரும் பண்ணச் சொல்லிக் கேட்கவில்லை.