நாவற்பழ நிறத் தண்ணீர்

ஒரு கிறிஸ்துமஸ் விடுமுறையில் செந்துறைக்குப் பக்கத்து ஊரில் காலரா பரவியது. எங்கள் பள்ளி மாணவர்கள் ஐந்து பேர் கிணறுகளுக்கு மருந்து போடப் போனோம். அளந்து போடும்படி வாத்தியார் சொல்லியிருந்தார். நோய் சீக்கிரம் ஒழியட்டும் என்று ஒரே கிணற்றில் பொட்டலம் முழுவதையும் கொட்டிவிட்டோம். தண்ணீர் நாவற்பழச் சாறு போல ஆனது.

வருகிறவர்களுக்கு விளக்கம் சொல்ல என்னை நிறுத்திவிட்டு மற்றவர்கள் அடுத்த தெருவுக்குப் போனார்கள். பெண்கள் குடத்தோடு வந்தார்கள்.

"என்னத்தடா கரைச்சு வுட்டீங்க? பொங்கலுக்குச் சீலைக்குச் சாயம் போடவா?" என்றாள் ஒருத்தி. எல்லோரும் சிரித்தார்கள். இடுப்பில் குழந்தையோடு நின்ற ஓர் அக்கா மட்டும், "இதப் புள்ளைக்குக் குடுக்கலாமா தம்பி?" என்று கேட்டாள்.

நாளை தெளிந்துவிடும், ஏரித் தண்ணீரை மட்டும் குடிக்காதீர்கள் என்று நான் சொல்லியிருக்க வேண்டும். அத்தனை பெண்களுக்கு முன்னால் எனக்கு வாய் வரவில்லை. தலைகுனிந்து நின்றேன்.

"அவனுக்கே தெரியல, வாங்கடி" என்று ஒருத்தி சொல்ல, எல்லோரும் ஏரிக்குப் போய்விட்டார்கள்.

நான்காம் நாள் போனபோது, அந்தக் குழந்தை வாந்திபேதியில் இறந்துவிட்டதாகச் சொன்னார்கள். அந்த அக்கா கிணற்றில் நீர் இறைத்துக்கொண்டிருந்தாள்.

"இப்ப தெளிஞ்சிருச்சு தம்பி," என்றாள்.