குமுதா அக்கா அணைக்கச் சொன்ன லைட்

குமுதா அக்கா இறந்துவிட்டார் என்பதை முதலில் நான் நம்பவில்லை. போனில் சொன்னவன் எங்கள் ஸ்டுடியோவில் வீடியோ லைட் பிடிக்கும் தினேஷ். எதிலும் விளையாடுகிறவன். "அக்கா போய்ட்டாங்க," என்றான். "எங்கடா போய்ட்டாங்க?" என்று கேட்டேன். அவன் அழ ஆரம்பித்த பிறகுதான் எனக்கு உறைத்தது. காய்ச்சல் என்று ஆஸ்பத்திரிக்குப் போனவர் வீடு திரும்பவில்லை.

இதைப் படிக்கிற, ஆவடி ஸ்டுடியோவில் அவரோடு வேலை செய்த உங்களுக்கு அவர் சிரித்த முகம். எனக்கு அப்படி இல்லை. பத்தாவதோடு பள்ளியை விட்டு நான் ஸ்டுடியோவில் சேர்ந்தபோது, அங்கே பெண் போட்டோகிராஃபர் அவர் ஒருவர்தான். ரெண்டு பெண்கள் தேவையில்லை, கொஞ்ச நாள் பார்க்கலாம் என்று ஓனர் சொல்லியிருந்தார். நான் தேறாவிட்டால் அம்மாவோடு அம்பத்தூர் கம்பெனியில் பேக்கிங் வேலை. தேறினால் அக்காவின் இடம் ஆட்டம் காணும். அதனால் அவர் எது செய்தாலும் எனக்குச் சந்தேகம்தான்.

கேமராவை ஆட்டோ மோடில் வைத்துவிட்டுச் சாப்பிடப் போவேன். வந்து எடுத்தால் படம் முழுக்க இருட்டு. டயல், எல்லாவற்றையும் நாமே வைக்க வேண்டிய மேனுவலில் நிற்கும்.

"நீங்களா அக்கா மாத்துனீங்க?"

"ஆமா. ஆட்டோல வெச்சா கேமராதான் போட்டோ எடுக்குது. நீ இன்னாத்துக்கு கீற, பைய தூக்கவா?"

ஓனர் முன்னால் என்னைக் கெடுக்கப் பார்க்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

நெமிலிச்சேரியில் ஒரு கல்யாணத்தில், மாப்பிள்ளை வரக் காத்திருந்தபோது அவராகவே சொன்னார்: "ஐஎஸ்ஓ ஏத்துனா வெளிச்சம் வரும், கூடவே படத்துல மண்ணு தூவுன மாதிரி புள்ளி வரும். ஷட்டர மெதுவா வெச்சாலும் வெளிச்சம் வரும், ஆளு அசைஞ்சா கலைஞ்சிடும். லென்ஸோட வாயத் தொறந்தாலும் வரும், பின்னாடி நிக்கிறவன் மூஞ்சி மங்கிடும். எதுவும் சும்மா வராது பாத்துக்க."

தப்பாகச் சொல்லிக்கொடுக்கிறாரோ என்று வீட்டில் யூடியூபில் பார்த்தேன். எல்லாம் சரியாக இருந்தது. சரியாக ஏன் சொன்னார் என்று அடுத்த சந்தேகம். மறுநாள் என் முகத்தைப் பார்த்ததும், "இன்னா, செக் பண்ணிட்டியா? சந்தேகம் புடிச்ச கழுத," என்று சிரித்தார்.

முத்தாபுதுப்பேட்டையில் நடந்த மஞ்சள் நீராட்டு விழாவுக்கு ஓனரே வந்திருந்தார், என்னைப் பார்த்து முடிவு செய்வதற்காக. வீடியோ லைட்டின் வெளிச்சத்துக்கு ஏற்றபடி கேமராவில் எல்லாவற்றையும் சரியாக வைத்திருந்தேன். தாய்மாமன் மாலையோடு மேடை ஏறினார். அந்த நேரம் பார்த்து, "டேய் தினேசு, லைட்ட ஆஃப் பண்ணு," என்றார் அக்கா.

முதல் படங்கள் கறுப்பு. தாய்மாமன் மாலையை விரித்துவிட்டார். ஆட்டோவுக்குத் திருப்பக்கூட நேரமில்லை. ஐஎஸ்ஓவை ஏற்றினேன், லென்ஸைத் திறந்தேன், மூச்சைப் பிடித்துக்கொண்டு ஷட்டரை மெதுவாக்கினேன். மாலை கழுத்தில் விழுந்த படம் கிடைத்தது. புள்ளி புள்ளியாக இருந்தாலும், அந்தப் பெண்ணின் முகம் தெளிவாக இருந்தது. ஓனர் அதைப் பார்த்துத் தலையாட்டினார்.

"பொண்ணுக்குக் கண்ணு கூசுது, தண்ணியா ஊத்துது. அதான்," என்றார் அக்கா. நான் கேட்கவே இல்லை.

என் வேலை நிலைத்தது. கொஞ்ச நாளில் அவர் பூந்தமல்லியில் வேறு ஸ்டுடியோவுக்குப் போய்விட்டார். ஓனர் அனுப்பினாரா, அவராகப் போனாரா என்று யாரும் சொல்லவில்லை.

சாவு வீட்டில் தினேஷை ஓரமாக அழைத்து, அன்றைக்கு லைட்டை ஏன் அணைக்கச் சொன்னார் என்று கேட்டேன். "கண்ணு கூசுதுன்னுதான் சொன்னாங்க," என்றான். கொஞ்சம் யோசித்து, "உன்னையும் பாத்துகினே இருந்தாங்க," என்றான்.

"எப்படிப் பாத்தாங்க?"

"பாத்தாங்க. எனுக்கு இன்னா தெரியும்?"

என்னைக் கவிழ்க்கவா, தேற வைக்கவா, அந்தப் பெண்ணின் கண்ணுக்காகவா என்று இனி யாரைக் கேட்பது? இறந்துவிட்டார் என்பதற்காக நம்பிவிட்டதாகச் சொன்னால் அது பொய். போன வாரம் ஒரு மண்டபத்தில் முகூர்த்த நேரத்தில் கரண்ட் போனது. எல்லோரும் கத்தினார்கள். என் விரல்கள் அதற்குள் கேமராவில் எண்களை மாற்றிக்கொண்டிருந்தன. அவரிடமிருந்து எனக்குத் தங்கியது இவ்வளவுதான்: வெளிச்சம் போனால் எனக்குக் கை நடுங்குவதில்லை.